வாலட்டுக்குள் காசு இல்லை: கிரிப்டோ குழுவில் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

வல்லத்தின் விளிம்பில் குனிந்து வலையை இழுக்கும்போது சட்டைப்பையிலிருந்த போன் நழுவிக் கடலுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ராமேசுவரம் தீவில், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இது ஒன்றும் புதிதல்ல. போனில் ஒரு கிரிப்டோ வாலட், அதில் 300 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்புக்கு ஓடும் கிரிப்டோ காயின்). போன் போனது போனதுதான். அந்த 300 என்ன ஆகும்?

அதற்கு ஒன்றும் ஆகாது. அது போனில் இருந்ததே இல்லை.

வாலட் என்ற பெயர்தான் முதல் குழப்பம். பர்ஸ் என்று நினைத்துவிடுகிறோம். பிளாக்செயின் என்பது யார் கணக்கில் எவ்வளவு என்று எழுதிவைத்த ஒரு பேரேடு. ஒரே பேரேட்டின் பிரதிகள் உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் இருக்கின்றன. பிட்காயின் பேரேட்டின் முதல் பக்கம் 2009 ஜனவரி 3 அன்று எழுதப்பட்டது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் இன்றுவரை சேர்ந்துகொண்டே வருகிறது. அந்தப் பேரேட்டில் பெயர் இருக்காது, முகவரி மட்டும் இருக்கும். முகவரி என்பது படகின் முகப்பில் எழுதிய பதிவு எண் மாதிரி, கரையில் நிற்கிற யாரும் படிக்கலாம், படித்துக்கொண்டதால் படகை ஓட்டிப் போய்விட முடியாது. அந்த முகவரியில் உள்ளதை வேறு முகவரிக்கு மாற்ற ஒரு ரகசிய எண் வேண்டும். அதைத்தான் பிரைவேட் கீ என்கிறார்கள். வாலட் ஆப் செய்வது இரண்டே வேலை: அந்தச் சாவியைப் பூட்டி வைப்பது, நீங்கள் அனுப்பச் சொன்னால் அதைக் கொண்டு கையெழுத்துப் போடுவது. ஆக, வாலட் பர்ஸ் அல்ல, சாவிக்கொத்து.

டெலிகிராம் கிரிப்டோ குழுக்களில் நடக்கிற திருட்டுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, உங்கள் சாவியை வாங்கிக்கொள்வது. இல்லையென்றால் உங்கள் கையாலேயே கையெழுத்துப் போடவைப்பது.

பன்னிரண்டு வார்த்தைகள்

வாலட் ஆப்பை முதலில் திறந்ததும் 12 ஆங்கில வார்த்தைகளைக் காட்டி எழுதிவைக்கச் சொல்லும். சில ஆப்களில் 24. சீட் ஃபிரேஸ் என்று இதற்குப் பெயர். எல்லாச் சாவிகளும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து குலுக்கி எடுத்தவை இவை. வரிசை மாறக்கூடாது. கடைசி வார்த்தையில் சரிபார்ப்புக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது, அதனால் ஒரு வார்த்தையைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் ஆப் ஏற்றுக்கொள்ளாது. பெரும்பாலும்தான், 12 வார்த்தை வாலட்டில் பதினாறில் ஒரு தப்பு நழுவி உள்ளே போய், காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும்.

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இந்த வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது உண்டு. இதைச் செய்யவே கூடாது. 'கோஸ்ட்' என்று எழுதிவைத்தீர்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறீர்கள். அது கடற்கரையா, பேயா? இரண்டு வார்த்தையும் பட்டியலில் உண்டு. நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான், அங்கே அது இரண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 1 முதல் 12 வரை எண் போட்டு எழுதுங்கள்.

எதில் எழுதுவது என்பது நம் கரையில் தனிக் கேள்வி. ஜெல் பேனா மையில் பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் கரையும். பால்பாயின்ட் பரவாயில்லை, பென்சில் இன்னும் நல்லது. லேமினேட் செய்யலாம், ஆனால் கடையில் கொடுத்துச் செய்தால் கடைக்காரர் கண்ணில் 12 வார்த்தையும் பட்டுவிடும். பெரிய தொகை வைத்திருப்பவர்கள் உலோகத் தகட்டில் அடித்துவைப்பார்கள். சாதாரண இரும்புத் தகடு உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. 304 ரக எவர்சில்வரும் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பைத் தாங்கும். எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக்கொள்ளலாம். முழு வார்த்தையும் வேண்டாம். பட்டியலில் எந்த இரண்டு வார்த்தைக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. ஆகவே வார்த்தைக்கு நான்கு, மொத்தம் அதிகபட்சம் 48 எழுத்துதான். லேத் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்க நினைக்காதீர்கள். தகடு கைக்கு வரும், சாவி அங்கேயும் ஒன்று இருக்கும்.

இரண்டு பிரதி வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை ஒரே ராத்திரியில் துடைத்துப்போட்ட ஊர் இது. ஒன்று தீவில் என்றால் மற்றொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம், ராமநாதபுரத்திலோ மதுரையிலோ நம்பிக்கையான கையில் இருக்கட்டும். ஆறு வார்த்தை இங்கே, ஆறு வார்த்தை அங்கே என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஒரு பாதி தொலைந்தாலே முழுதும் போய்விடும் என்பதால் வேண்டாம்.

போட்டோ எடுக்கவேண்டாம். போட்டோ தானாகவே கூகுள் கணக்கில் ஏறிவிடலாம். போதாததற்கு, கேலரியில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்தைப் படித்து சீட் ஃபிரேஸைத் தேடுகிற திருட்டு ஆப்களும் உண்டு.

எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோவை வாங்கி விற்க இடம் தரும் நிறுவனம், அதன் ஆப்பில் கணக்கு வைத்திருப்பவருக்கு இந்த 12 வார்த்தை எதுவும் காட்டப்பட்டிருக்காது. காரணம் எளிது: சாவி எக்ஸ்சேஞ்சிடம். திரையில் தெரிகிற எண், அவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோனபோது, பயனாளர்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அவர்களால் பணத்தை எடுக்க முடியாமல் போனது. வாங்கவும் விற்கவும் எக்ஸ்சேஞ்ச் வேண்டும்தான். வைத்திருப்பதற்கு அது இடமல்ல.

குழுவில் ஒரு நாள்

கிரிப்டோ சந்தைக்கு விடுமுறை கிடையாது. ஆனாலும் ஒரு கணக்குக்காக உலக நேரப்படி நள்ளிரவில் நாள் முடிகிறது; நமக்கு அது காலை 5.30. கரையில் மீன் ஏலச் சத்தம் கேட்கிற நேரத்தில் டெலிகிராம் குழுவில் 'டெய்லி கேண்டில் க்ளோஸ்', அதாவது அந்த நாளின் கடைசி விலை பற்றிப் பேச்சு ஓடும். ராமேசுவரத்துக்காரர்களுக்கு 'டோக்கன்' என்ற சொல் முதலில் கொஞ்சம் இடறும். இங்கே டோக்கன் என்றால் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை தருவது. அங்கே ஏற்கெனவே ஓடுகிற பிளாக்செயினின் மேல் யாரோ வெளியிட்ட காயின்.

மற்றச் சொற்கள் இரண்டு நாளில் பழகிவிடும். 'ஜிஎம்' காலை வணக்கம். 'ஹோடல்' என்றால் விற்காமல் வைத்திரு. 2013 டிசம்பரில் ஒருவர் 'ஹோல்ட்' என்பதைத் தப்பாகத் தட்டியதில் பிறந்த சொல். 'ஃபோமோ', எல்லோரும் வாங்குகிறார்களே என்ற பதற்றம். 'ரக் புல்', வெளியிட்டவனே மொத்தப் பணத்தையும் உருவிக்கொண்டு ஓடுவது. 'டிஒய்ஓஆர்' என்றால் நீயே ஆராய்ந்துகொள் என்று பொருள். ஒரு காயினை வானளாவப் புகழ்ந்துவிட்டுக் கடைசி வரியில் இதைச் சேர்த்தால் புகழ்ந்தவருக்குப் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது.

குழுவில் ஏதாவது சந்தேகம் கேட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் 'அட்மின்' தனிச்செய்தியில் வருவார். அதே படம், அதே பெயர். சின்ன 'எல்' இருக்கவேண்டிய இடத்தில் பெரிய 'ஐ'. பார்வைக்கு இரண்டும் ஒரே கோடு. "வாலட்டை வேலிடேட் பண்ணணும் அண்ணே" என்று ஒரு இணைப்பு தருவார், அந்தப் பக்கத்தில் 12 கட்டங்கள் இருக்கும். உண்மையான அட்மின் முதலில் தனிச்செய்தியில் வரமாட்டார். சீட் ஃபிரேஸ் கேட்க உலகில் ஒருவருக்கும் காரணமே கிடையாது. புதுப் போனில் நிறுவும் உங்கள் வாலட் ஆப் மட்டும்தான் அதைக் கேட்கலாம்.

இதற்கு நேர்மாறான தூண்டில் ஒன்றும் உண்டு. இதில் அவனே சாவியைக் கொடுப்பான். "காக்கா, நான் புதுசு. வாலட்ல 1,800 யுஎஸ்டிடி இருக்கு, எடுக்கத் தெரியல. 12 வார்த்தையும் தர்றேன், உதவி செய்யுங்க" என்று ஒருவர் பொதுவில் போடுவார். அந்த வார்த்தைகளை உங்கள் ஆப்பில் போட்டால் உண்மையிலேயே 1,800 தெரியும். அனுப்ப முயன்றால் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் (டிரான் என்ற பிளாக்செயினின் சொந்தக் காயின்) இல்லை என்று நிற்கும். சரி, ஒரு 30 டிஆர்எக்ஸ் போட்டு எடுத்துவிடலாம் என்று போடுகிறீர்கள். அப்போதும் நகராது. டிரான் பிளாக்செயினில் ஒரு முகவரியிலிருந்து அனுப்பும் உரிமையை வேறு முகவரிக்கு மாற்றி எழுதிவிட முடியும். இந்த முகவரியை அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கிற சாவியால் பார்க்க முடியும், எடுக்க முடியாது. நீங்கள் போட்ட 30-ஐ அவன் எடுத்துக்கொள்வான். அடுத்தவன் காசை எடுக்கப் போய் மாட்டியதால் வெளியில் சொல்லவும் வாய் வராது. இந்தத் தந்திரத்தின் பலமே அதுதான்.

பிறகு, 'தினம் 2 சதவீதம்' குழுக்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், கையில் வேலை இல்லை. அப்படிப்பட்ட நாளில் இந்தச் செய்தி பெரிதாகத் தெரியும். கால்குலேட்டரை எடுத்து 1-ஐ 1.02-ஆல் 365 தடவை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1,377 மடங்கு வரும். 10,000 ரூபாய் ஒரு வருடத்தில் 1 கோடியே 37 லட்சம். அப்படி ஒரு வழி தெரிந்தவனுக்கு உங்கள் 10,000 எதற்கு? முதல் வாரம் 500, 1,000 என்று எடுக்க விடுவார்கள். அது பின்னால் வந்தவர்கள் போட்ட காசு.

அனுப்பும்போது

யுஎஸ்டிடி என்பது டெதர் நிறுவனம் வெளியிடும் டோக்கன், ஒன்று ஒரு டாலர் மதிப்பில் நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே யுஎஸ்டிடி பல பிளாக்செயின்களில் ஓடுகிறது. டிரானில் ஓடுவது டிஆர்சி-20; முகவரி ஆங்கில 'டி'யில் தொடங்கும், 34 எழுத்து. எத்தீரியத்தில் ஓடுவது ஈஆர்சி-20. முகவரி பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கி 42 எழுத்து. பிஎன்பி ஸ்மார்ட் செயினில் ஓடுவது பிஇபி-20. டிரான் முகவரியை எத்தீரியத்தில் போட்டால் ஆப்பே மறுத்துவிடும், பயமில்லை. சிக்கல் மற்ற இரண்டுக்கும் இடையில். இரண்டின் முகவரி வடிவமும் ஒன்றே என்பதால் தப்பான நெட்வொர்க்கிலும், அதாவது தப்பான பிளாக்செயினிலும், போய்விடும். போய்ச் சேர்ந்தது உங்கள் சொந்த வாலட் என்றால், ஆப்பில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்ததும் காசு தெரியும், ஏனென்றால் சாவி ஒன்றுதான். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குப் போயிருந்தால் அவர்கள் மனம் வைத்து எடுத்துத் தரவேண்டும்.

இன்னொன்று, வாலட்டில் 300 யுஎஸ்டிடி இருந்தும் அனுப்ப முடியாமல் நிற்பது. வல்லம் இருக்கு, வலை இருக்கு, டீசல் இல்லை என்ற கதை. டிரானில் கட்டணம் டிஆர்எக்ஸில்தான் கட்டவேண்டும், எத்தீரியத்தில் அதன் சொந்தக் காயினான ஈதரில். பெரும்பாலான ஆப்கள் யுஎஸ்டிடியிலிருந்து தானாகக் கழித்துக்கொள்ளாது. கொஞ்சம் டிஆர்எக்ஸ் எப்போதும் வாலட்டில் கிடக்கட்டும்.

முகவரியைச் சரிபார்க்கும்போது முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்தால் போதும் என்பது பழைய பாடம். இப்போது போதாது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் பேரேட்டில் பார்த்து, அதே தொடக்கமும் முடிவும் கொண்ட முகவரியைக் கணினியில் தயாரித்துக்கொள்வார்கள். அதிலிருந்து உங்கள் முகவரிக்குச் சில்லறைத் தொகை ஒன்று வரும். அடுத்த தடவை நீங்கள் பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கும்போது, எடுப்பது அதை. அதனால் பட்டியலிலிருந்து நகலெடுக்கும் பழக்கமே வேண்டாம். முகவரியை ஒருமுறை பெற்று, நடு எழுத்துகள் உட்படச் சரிபார்த்து, ஆப்பின் முகவரிப் புத்தகத்தில் சேமியுங்கள். முதலில் 5 யுஎஸ்டிடி அனுப்பி, வந்ததா என்று கேட்டு, பிறகு மிச்சத்தை அனுப்புங்கள். இரண்டு தடவை கட்டணம் போகும், போகட்டும். பேரேட்டில் ஏறிய கையெழுத்தைத் திரும்ப வாங்க எந்த மேனேஜரும் இல்லை.

இலவச டோக்கன் தரும் 'ஏர்டிராப்' பக்கங்களில் வாலட்டை இணைக்கும்போது 'அப்ரூவ்' என்று ஒரு பொத்தான் வரும். அது பெரும்பாலும் 'என் யுஎஸ்டிடியை எவ்வளவு வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொள்' என்ற பவர் பத்திரம். உடனே எடுக்கலாம், நிறையச் சேரும்வரை காத்திருந்தும் எடுக்கலாம். இத்தகைய விளையாட்டுக்குத் தனி வாலட், அதில் 500 ரூபாய்க்கு மேல் வேண்டாம்.

ரூபாய் ஆக்கும் இடம்

நேரடிச் சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். பி2பி என்பது எக்ஸ்சேஞ்ச் நடுவில் நிற்க, ஒருவர் யுஎஸ்டிடி தர, மற்றவர் யுபிஐயில் ரூபாய் தருவது. உங்கள் யுஎஸ்டிடியை எக்ஸ்சேஞ்ச் பிடித்து வைத்திருக்கும். பணம் வந்தது என்று நீங்கள் சொன்னால் விடுவிக்கும். வாங்குபவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பக்கூடாது. எஸ்எம்எஸ்ஸையும் நம்பக்கூடாது. வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். அனுப்பியவர் பெயரும் எக்ஸ்சேஞ்சில் காட்டும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "மச்சான் அக்கவுன்ட்ல இருந்து போட்டேன்" என்றால் ஆர்டரை நிறுத்தி எக்ஸ்சேஞ்சிடம் முறையிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், எங்கோ ஓர் ஊரில் ஏமாந்தவர் ஒருவரின் பணம் கைமாறி உங்கள் கணக்குக்கு வந்திருக்கலாம். அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொன்னதும் பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளை வங்கிகள் முடக்கும். சில நேரம் அந்தத் தொகை மட்டும், சில நேரம் கணக்கு முழுவதும். அப்படி ஆனால் வங்கியிடம் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஆர்டர் எண், உரையாடல், வங்கிப் பட்டியல் எல்லாவற்றையும் இணைத்து இரண்டு இடத்துக்கும் கடிதம் கொடுக்கவேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே சம்பளமோ நகைக்கடன் தவணையோ ஓடும் கணக்கை பி2பிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. வீட்டுக்கு யுஎஸ்டிடியாக அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அனுப்புகிற கட்டணம் குறைவுதான். ஆனால் இந்த முனையில் உம்மாவோ மனைவியோ அதை பி2பியில் விற்றுத்தான் ரூபாயாக்க வேண்டும், மேலே சொன்ன ஆபத்து முழுவதும் அவர்கள் தலையில். அந்நியச் செலாவணிச் சட்டமும் இடையில் வரும். வங்கி வழியாக என்ஆர்ஈ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வரும் பணத்துக்கு வந்த வழியைக் காட்டத் தாள் இருக்கும். இதற்கு இருக்காது.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரிப்டோ இந்தியாவில் செலாவணி அல்ல, வாங்கி விற்கத் தடையும் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ். 50,000-க்கு வாங்கி 70,000-க்கு விற்றால் லாபம் 20,000, வரி 6,000, செஸ் 240. டிடிஎஸ் 700 முன்பே பிடித்திருப்பார்கள், மிச்சம் 5,540 கட்டவேண்டும். அதே வருடம் இன்னொரு காயினில் சரியாக 20,000 நட்டம் என்றாலும் கழிக்க முடியாது. கையில் ஒரு பைசா லாபம் இல்லை, வரி 6,240 அப்படியே நிற்கும். தினம் பத்துத் தடவை வாங்கி விற்கிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிப்பதில்லை.

கடலில் விழுந்த போன்

போன் போனாலும் எழுதிவைத்த வார்த்தைகளால் வாலட்டை மீட்க முடிகிறதா என்று, பெரிய தொகை போடுமுன் ஓர் ஒத்திகை செய்யுங்கள். புது வாலட்டில் 20 யுஎஸ்டிடி மட்டும் போட்டு, முகவரியைத் தாளில் குறித்துக்கொண்டு, ஆப்பை நீக்குங்கள். மறுபடி நிறுவும்போது பிளே ஸ்டோரில் பெயரைத் தேடாமல் அந்த வாலட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து போங்கள். அதே பெயரில் போலி ஆப்கள் வந்து போகின்றன. 'புது வாலட்' என்பதைத் தொடாமல் 'ஏற்கெனவே இருக்கிறது' என்பதைத் தொட்டு, எழுதிவைத்த தாளைப் பார்த்து 12 வார்த்தையும் அடியுங்கள்.

பூஜ்யம் காட்டினால் பதறவேண்டாம். முதலில் முகவரியை ஒப்பிடுங்கள். குறித்துவைத்ததும் இதுவும் ஒன்றாக இருந்தால், நெட்வொர்க்கோ டோக்கனோ பட்டியலில் சேரவில்லை என்று பொருள். சேர்த்ததும் 20 வந்துவிடும். முகவரியே வேறு என்றால் ஒரு வார்த்தை தப்பு, இல்லை வரிசை தப்பு. சிலசமயம் ஒரே 12 வார்த்தையிலிருந்து வேறு ஆப் வேறு வரிசையில் முகவரிகளை முளைக்கவைக்கும். முதலில் உருவாக்கிய அதே ஆப்பில் போட்டுப் பாருங்கள். எப்படியும் வரவில்லை என்றால் போனது 20 யுஎஸ்டிடிதான், தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.